பதினொரு சாமான் வெளியில்

அந்தப் பிள்ளை என்னோடு முதன்முதல் கதைத்த அன்று வணக்கம்கூடச் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கங்கள் எல்லாம் இருக்கிற பழைய கட்டடத்தில், இரண்டாம் மாடிப் படியை நான் துடைத்துக்கொண்டு நின்றேன். மேலிருந்து ஓடிவந்தாள். தோளில் புத்தகப் பை, ஒரு கையில் சுருட்டிய மேசைத்துணி, மற்றக் கையில் பெரிய சுடுதண்ணிப் போத்தல்.

"அன்ரி, இதை ஒருக்காப் பிடியுங்கோ" என்று போத்தலை என் கையில் வைத்தாள். வைத்துவிட்டுப் போயே போய்விட்டாள். திரும்பி வர இரண்டு மணித்தியாலம் ஆனது.

"நான் என்ன, உம்மட கோட்டுக் கொளுவியோ?" என்று கேட்டேன்.

"வகுப்புக்குப் பிந்திப்போச்சு அன்ரி. நீங்கள் பத்திரமா வைச்சிருப்பியள் எண்டு தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"உங்கட படியைப் பாத்தாலே தெரியுதே."

அந்தக் கட்டடத்தில் அதுவரைக்கும் என் படியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்குப் போகும்போதுதான் யோசித்தேன். அந்த இரண்டு மணித்தியாலமும், பிள்ளை வருகிறாளோ, இன்னும் காணவில்லையே என்று வாசலைப் பார்த்தபடியேதான் நான் துடைத்திருக்கிறேன்.

அவளுடைய பெயரை இங்கே எழுதவில்லை. கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வாள்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். இந்தச் சுவிஸ் நாட்டுக்கு வந்த புதிதில் டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினேன். பிறகு லாங்கன்தாலில் வீடு எடுத்து, அங்கிருந்து ரயிலில் இந்தத் துப்புரவு வேலைக்கு வந்துபோனேன். படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். ஆனால் என் பொறுப்பில் விட்ட இடத்தில் ஒரு கரண்டி எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி எடுத்துத் தருவேன். ஹோட்டலில் என்னுடைய அலுமாரியைப் பார்க்கப் பெரிய சமையல்காரர் மற்றவர்களைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறார். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பின்னால் நடந்த பிழைக்கும் இந்தப் பெருமைதான் காரணம்.

மூன்றாம் மாடியில் தமிழ்ப் பெண்பிள்ளைகளின் சங்கத்துக்கு ஒரு அறை இருந்தது. சின்னக் குசினியும், நீளமான மேசையும், தெருவைப் பார்த்த யன்னலும். தூரத்திலிருந்து ரயிலில் வந்து படிக்கிற பிள்ளைகள் இரண்டு வகுப்புக்கு நடுவில் ஒதுங்கியிருக்க அந்த இடம்தான் இருந்தது. அதுவும் போகிற நிலையில் இருந்தபோதுதான் இவள் தலைவியானாள்.

ஏன் போகிற நிலை என்றால், முந்திய தலைவி பெயர் சேர்ப்பதில் கெட்டிக்காரி. செப்டெம்பரில் படிப்புத் தொடங்குகிற கிழமை பெரிய மண்டபத்தில் எல்லாச் சங்கங்களும் மேசை போடும். புதிதாக வந்த பிள்ளைகள் ஒவ்வொரு மேசையிலும் பெயரை எழுதிவிட்டு, அங்கே வைத்திருக்கிற சொக்லேட்டை எடுத்துக்கொண்டு போவார்கள். அப்படி நாற்பது பெயர் சேர்ந்தது. மார்ச் மாதம் மாணவர் அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தபோது மேசையைச் சுற்றி நாலு பேர் இருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் வட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டிவிட்டு வீட்டில் இருந்தார்கள். அடுத்த மார்ச்சில் பன்னிரண்டு பேர் நேரில் வந்து நின்று கையெழுத்து வைக்கவேண்டும், இல்லையென்றால் அறை வேறு சங்கத்துக்கு என்று அலுவலகம் சொல்லிவிட்டது.

இவள் அடுத்த செப்டெம்பரில் மேசை போட்டதை நான் பார்த்தேன். மேசையில் தாளும் இல்லை, பேனையும் இல்லை, சொக்லேட்டும் இல்லை. ஒரு சோற்றுப் பானை, கறிச்சட்டி, புட்டுக்குழல், மா அரிக்கிற அரிதட்டு, அகப்பை, தேத்தண்ணி வடி என்று குசினியே வந்து குந்தியிருந்தது. பழைய பெட்டியில் கிடந்தவை பாதி, தாயிடம் கேட்டுக் கொண்டுவந்தவை பாதி. தமிழ் முகமாக ஒரு பிள்ளை கடந்துபோனால் இவள் கேட்பாள்:

"நீங்கள் தமிழோ?"

"ஓம்."

"இந்தாங்கோ, இந்த அகப்பை. செவ்வாய்க்கிழமை அஞ்சு மணிக்கு மூண்டாம் மாடிக்குக் கொண்டுவாங்கோ."

"நான் இன்னும் ஒண்டிலயும் சேரேல்லையே?"

"சேரவேண்டாம். அகப்பையைக் கொண்டுவந்தாக் காணும். அது இல்லாமல் எப்பிடிக் கறி கிளறுறது?"

சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிடுவாள். அந்தப் பிள்ளை மண்டபத்தின் நடுவில் அகப்பையும் கையுமாக நிற்கும்.

செவ்வாய் சமையல் முடிந்ததும் சாமான்களைக் கழுவி, யார் எதைக் கொண்டுவந்தார்களோ அதையே திரும்பக் கொடுத்தனுப்புவாள். அடுத்த கிழமை அவர்கள் கொண்டுவந்தால்தான் சமையல். புட்டுக்குழலை ஒருத்தியிடம் கொடுத்தாள். அதற்குள்ளே போடுகிற ஓட்டைத் தகடு, சில்லு, அதை இன்னொருத்தியிடம் கொடுத்தாள். கத்தியை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. ரயிலில் பொலிஸ் பிடித்தால் யார் போய்ப் பதில் சொல்வது என்றாள்.

முந்திய தலைவி ஒருநாள் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு பார்க்க வந்தாள். சட்டம் படிக்கிற பிள்ளை.

"உன்ர லிஸ்ட் எங்க?"

"லிஸ்ட் இல்லை அக்கா. பதின்மூண்டு சாமான் வெளியில நிக்குது."

"நீ சங்கம் நடத்துறியோ, பாத்திரக்கடை நடத்துறியோ?"

"கடை எண்டால் போன சாமான் திரும்பி வராதே அக்கா. இஞ்ச வருது" என்று சிரித்தாள்.

எனக்கும் அந்தப் பிள்ளைகளின் பெயர்கள் வாயில் வரவில்லை. ஒருத்தி அரிதட்டு, ஒருத்தி வடி. ஷாஃப்ஹவுசனிலிருந்து வந்து படித்த கணக்குக்காரப் பிள்ளை சில்லு. என்னோடு லாங்கன்தாலிலிருந்து ஒரே ரயிலில் வருகிற, குனிந்த தலை நிமிராத பிள்ளை, கறிச்சட்டியின் மூடி. அந்த மூடிப் பிள்ளைமேல் எனக்குத் தனி விருப்பம். ஐந்து மணிக்கு என்றால் நாலேமுக்காலுக்கு வந்து, நான் கூட்டுகிற இடத்தில் கதிரைகளைத் தூக்கி வைத்துத் தருவாள். கிறிஸ்மஸுக்குப் பிறகு இரண்டு கிழமை காய்ச்சலில் படுத்தாள். அப்போது கறிச்சட்டியை ஒரு தட்டால் மூடிச் சமாளித்தோம். அதைத் தவிர அவள் ஒரு செவ்வாயும் விட்டதில்லை.

சில்லு அப்படி இல்லை. நவம்பரில் ஒருநாள் மா குழைத்து, தேங்காய்ப்பூ போட்டு, பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. சில்லு வரவில்லை. ஒருத்தி, தகரத்தில் ஓட்டை போட்டுச் செய்வோம் என்றாள். இன்னொருத்தி, புதிதாக ஒன்று வாங்கி வைத்தால் என்ன என்றாள். "எங்களுக்கு ஒரே ஒரு சில்லுதான்" என்று சொல்லிவிட்டு இவள் ஃபோனை எடுத்தாள்.

"எங்க நிக்கிறாய்?"

நூலகத்தில் இருந்தாளாம். சோதனை வருகிறதாம். இன்றைக்கு வராமல் நேரே வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தாளாம். இவள் கோபிக்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை.

"தண்ணி கொதிக்குது" என்றாள். வைத்துவிட்டாள்.

பத்து நிமிடத்தில் மூச்சு வாங்க ஓடிவந்தாள் சில்லு. பசியோடு இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். பணப்பைக்குள்ளிருந்து அந்தத் தகட்டை எடுத்து நீட்டியபோது அவளுடைய முகத்தைப் பார்க்கவேண்டும். கணக்கில் முதலாவதாக வந்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு பேர் கைதட்டியிருக்க மாட்டார்கள்.

இந்த வித்தையிலிருந்து யாரும் தப்பவில்லை. வெங்காயம் பொரித்த மணம் கீழ்மாடி வரைக்கும் வருகிறது என்று கட்டடத்துப் பொறுப்பாளர், அவர் ஒரு சுவிஸ்காரர், மீசை துடிக்க ஏறிவந்தார். இவள் ஒரு டப்பாவில் சம்பல் போட்டு அவருடைய கையில் கொடுத்தாள். சுவிஸ்காரர் டப்பாவை வைத்துக்கொள்வாரா? அடுத்த செவ்வாய் பளபளவென்று கழுவித் திருப்பிக் கொண்டுவந்தார். வந்தவரை இருத்திப் புட்டுக் கொடுத்து, டப்பாவை நிரப்பி மறுபடி கையில் கொடுத்தாள். பிறகு ஒவ்வொரு செவ்வாயும் அவர் வந்தார். மணத்தைப் பற்றிய கதை அதோடு நின்றது.

ஒருநாள் நானும் அவளும் தனியாகப் பாத்திரம் துடைத்தபோது கேட்டேன்.

"ஏன் பிள்ளை, இப்பிடி எல்லாற்ற தலையிலயும் ஒரு சுமையைக் கட்டி விடுறாய்?"

கையில் இருந்த தட்டைத் துடைத்து வைத்தாள். பிறகு சொன்னாள். "முதல் வருசம் நான் ஒரு பாட்டுக் குழுவில சேந்தனான் அன்ரி. நல்ல ஆக்கள். மூண்டு கிழமை போனன். பிறகு குடல்வால் ஒப்பரேசன். ஒரு மாதம் போகேல்லை. திரும்பிப் போனால், நேற்றும் பாத்த மாதிரி 'ஹலோ' எண்டினம். நான் இல்லாததை ஒருத்தரும் காணேல்லை. பாட்டிலயும் ஒரு குறையும் இல்லை."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்டுமில்லை. அடுத்த கிழமை நான் போகேல்லை. அதையும் ஒருத்தரும் காணேல்லை."

கோப்பையைத் துடைத்து அடுக்கினாள்.

அவள் படித்தது புவியியல். இப்போது மலைப்பக்கத்தில் பனிச்சரிவு வருமா என்று பார்த்துச் சொல்கிற வேலையில் இருப்பதாகக் கேள்வி. அந்த வருடம் பெப்ரவரிக் கடைசியில் படிப்பு விஷயமாக ஒரு கிழமை டாவோஸுக்குப் பனி அளக்கப் போனாள். போகும்போது அறைச் சாவியை என்னிடம் தந்தாள். கிறிஸ்மஸோடு இரண்டு பிள்ளைகள் சாமானைத் திருப்பித் தந்து நின்றுவிட்டார்கள். மிச்சம் பதினொரு சாமான் வெளியில். அவளோடு சேர்த்தால் பன்னிரண்டு. ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை.

"நான் திங்கள் வந்திடுவன் அன்ரி. செவ்வாய் அலுவலகத்தால எண்ண வருகினம். நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம்" என்றாள்.

ஒன்றும் செய்யவேண்டாம் என்று என்னிடம் சொன்னால் நான் கேட்பேனா?

அந்தக் கிழமை பொறுப்பாளர் வந்து, வெள்ளிக்கிழமை குசினிகளைச் சரிபார்க்கப்போகிறேன், சாமான் எல்லாம் இடத்தில் இருக்கவேண்டும் என்றார். அவர் கேட்டது கட்டடத்துக்குச் சொந்தமான கோப்பைகளையும் கேத்திலையும். பிள்ளைகளின் அகப்பையும் அரிதட்டும் அவருக்குத் தேவையே இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நான் திறந்து காட்டுகிற அலுமாரியில் பதினொரு இடம் வெறுமையாக இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தக் கிழமை முழுவதும் படியில் ஏறி இறங்குகிற பிள்ளைகளை மறித்து, "சாமானைக் கொண்டுவந்து தாங்கோ, அலுமாரியில வைக்கோணும்" என்று சொன்னேன்.

எல்லாரும் தந்தார்கள். மூடிப் பிள்ளை, நான் சொன்ன மறுநாளே ரயிலில் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள். "சரி அன்ரி" என்றாள். எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று நினைத்தேன். சில்லுதான் வெள்ளி மத்தியானம் வரைக்கும் இழுத்தாள். தகட்டை என் கையில் போட்டுவிட்டு, "அப்பாடா! நல்லதாப் போச்சு அன்ரி, இனி இதைக் காவிக்கொண்டு திரியத் தேவையில்லை" என்றாள். எனக்கு அது கொஞ்சம் சுருக்கென்றது. ஆனாலும் வாங்கி வைத்தேன்.

எல்லாவற்றையும் வினாகிரி போட்டு மினுக்கினேன். பெரியது பின்னால், சிறியது முன்னால், அகப்பை ஆணியில். பொறுப்பாளர் அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு என்னோடு கைகுலுக்கினார்.

திங்கட்கிழமை அவள் வந்தாள். முகம் மலை வெயிலில் கறுத்திருந்தது. அலுமாரியைத் திறந்து காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று பக்கத்தில் நின்றேன்.

ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கடைசியாகச் சில்லைக் கையில் எடுத்தாள்.

"ஆர் இதுகளைக் கொண்டுவந்தது?"

"எல்லாரும்தான். நான் கேட்டு வாங்கினனான்."

"பதினொண்டும்?"

"பதினொண்டும்."

அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், அதோடு போயிருக்கும். சில்லை மெதுவாக இருந்த இடத்தில் வைத்தாள். "அப்ப நாளைக்கு வராட்டிலும் ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை, என்ன அன்ரி" என்றாள். அப்போதுதான் எனக்கு நான் செய்த வேலை விளங்கியது. அவ்வளவு பேரையும் நானே அவிழ்த்துவிட்டிருக்கிறேன்.

"ஃபோன் அடி பிள்ளை. அறை போகப்போகுது, வாங்கோ எண்டு சொல்லு."

"சொன்னால் எல்லாரும் ஓம் எண்டுவினம். போன வருசமும் ஓம் எண்டு சொன்னவை." ஃபோனை எடுத்து வழக்கமாக எழுதுவதையே எழுதினாள். நாளைக்குப் புட்டு, அஞ்சு மணி. அவ்வளவுதான்.

சில்லு சொன்ன 'அப்பாடா'வை நான் அவளிடம் சொல்லவில்லை.

செவ்வாய் காலை ரயிலில் மூடிப் பிள்ளையைக் காணவில்லை. அன்றைக்கு எனக்கு வேலை இரண்டு மணியோடு முடிந்துவிட்டது. போகவில்லை. மேலே போய் வெங்காயம் உரித்தேன். இவள் மா குழைத்தாள். நாலேமுக்கால் ஆனது. ஐந்தும் ஆனது. கதவை நான் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை, மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணி தாண்டி அரிதட்டும் வடியும் வந்தார்கள். கையில் ஒன்றுமில்லாமல் வந்ததில் இருவருக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அரிதட்டு அலுமாரியைத் திறந்தாள்.

"என்ர அரிதட்டை ஏன் அடியில வைச்சிருக்கினம்?"

"உன்ரயோ? சங்கத்தின்ரயெல்லோ?" என்றாள் வடி.

"ஆறு மாதமாக் காவினது நான்!"

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் அலுமாரிக்குப் போய்த் தங்கள் சாமானை எடுத்துக்கொண்டுதான் மேசைக்கு வந்தார்கள். ஐந்தரைக்கு அலுவலகத்துப் பெண் சைக்கிள் தொப்பியோடு வந்து நின்றபோது, இவளோடு சேர்த்துப் பத்துப் பேர். மூடியும் இல்லை, சில்லும் இல்லை.

அந்தப் பெண் நல்லவிதமாகத்தான் கதைத்தாள். இருந்தாலும் எண்ணிக்கை எண்ணிக்கைதான் என்றாள். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் மட்டும் காத்திருக்கலாம் என்றாள். நான் ஊற்றிக் கொடுத்தேன். வாய் சுடுகிற மாதிரி வேண்டுமென்றே நல்ல கொதியாகக் கொடுத்தேன். இவள் புட்டுக்குழலைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே சில்லைப் போடாமல் நின்றாள்.

கோப்பையில் பாதி போனபோது படியில் சத்தம். சில்லு வந்தாள். கையில் உறைந்த தேங்காய்ப்பூ நிறைந்த பெரிய பை. பின்னால் நான் முன்பின் பார்த்திராத ஒரு பிள்ளை, அவளுடைய கையிலும் ஒரு பை.

"ட்ராம் நிண்டிட்டுது! அம்மா தேங்காய்ப்பூத் தந்து விட்டவ. அந்தச் சனியன் சில்லு, டிக்கெட் காட்டேக்க ஒவ்வொருக்காலும் பணப்பையால விழும், இண்டைக்குத்தான் நிம்மதியா வந்தனான். இவ எங்கட வகுப்பு. பாரம் தூக்கக் கூட்டிவந்தனான். இவவும் தமிழ்தான்."

பாரம் தூக்க வந்த பிள்ளை பையை மேசையில் இறக்கியது. "நானும் இருக்கலாமோ?" என்று கேட்டது. அலுவலகத்துப் பெண் பேனையை நீட்டினாள். பன்னிரண்டு.

தலைவி கதிரையில் தொப்பென்று குந்தினாள். அவள் அந்த அறையில் குந்தியிருந்ததை நான் பார்த்ததே இல்லை. மாக் கையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். பிள்ளைகளும் என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள். சில்லு வந்து, "என்ன, புட்டு அவியேல்லையோ?" என்று குழலைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

சாப்பிட்டு எல்லாரும் போன பிறகு நான் சொன்னேன். "அறை கிடைச்சிட்டுது பிள்ளை. இனி நிம்மதி."

"ஓம் அன்ரி. கிடைச்சிட்டுது." அலுமாரியைப் பார்த்தாள். ஒன்றே ஒன்றுதான் அங்கே மிச்சம் இருந்தது. மற்றவை எல்லாம் கேட்காமலே பைகளுக்குள் போய்விட்டன. "மூடி வரேல்லை."

"காய்ச்சலாக்கும்."

மூடியை எடுத்து, ஒரு துணியில் சுற்றி, என் கையில் வைத்தாள். "நீங்கள் லாங்கன்தால்தானே?"

கறிச்சட்டி மூடியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் இருந்தேன். ஸ்டேஷனிலிருந்து மூடிப் பிள்ளையின் வீடு ஆறு நிமிட நடை. அவளே கதவைத் திறந்தாள். காய்ச்சல் ஒன்றும் இல்லை. துணியை விலக்கிப் பார்த்தாள்.

"இது ஏன் அன்ரி? நீங்கள்தானே திருப்பிக் கேட்டனீங்கள்?"

"ஓம். கேட்டனான்."

"நான் ரெண்டு கிழமை வராமல் விட்டதாலதான் கேட்டனீங்கள் எண்டு நினைச்சன். தட்டால மூடினாலும் சரிதான் எண்டு கதைச்சவை." தலை இன்னும் குனிந்தது. "ஒழுங்கா வாற ஆருக்கோ குடுக்கப்போறியள் எண்டு நினைச்சன்."

ஆறு மாதம் நாலேமுக்காலுக்கு வந்த பிள்ளை. நான் என் வாழ்நாளில் யாரிடமும் பிழை என்று சொல்லிப் பழக்கமில்லாதவள். அன்றைக்கு வாசலில் நின்று சொன்னேன்.

"பிழை என்னில பிள்ளை. நான் எல்லாரிட்டயும்தான் வாங்கினனான். அலுமாரி வடிவா இருக்கோணும் எண்டு ஆசைப்பட்டிட்டன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வடிவா இருந்ததோ?"

"வடிவாத்தான் இருந்தது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. "இண்டைக்கு நீ வரேல்லை எண்டு தலைவிப் பிள்ளை கண்டவள். அவள்தான் தந்து விட்டவள்" என்றேன். அவளுடைய சிரிப்பு நின்றது. பிறகு அங்கேயே, வாசலிலேயே, புத்தகப் பையைத் திறந்து மூடியை உள்ளே வைத்தாள். அதன் பிடி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"செவ்வாய் எத்தினை மணிக்கு அன்ரி?" என்று கேட்டாள், தெரியாதவள் மாதிரி.

"அஞ்சுக்கு" என்றேன், நானும் அவளுக்குத் தெரியாது என்கிற மாதிரி.